படுக்கையும் தலைக்கட்டும்: அலகெனி மருத்துவமனைக் குழுமம் வீழ்ந்த கணக்கு

1998 ஜூலை 21ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலகெனி ஹெல்த், எஜுகேஷன் அண்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற மருத்துவமனைக் குழுமம் திவால் மனு போட்டது. கடன் சுமார் 130 கோடி டாலர். பாக்கி வரவேண்டியவர்கள் சுமார் 65,000 பேர். லாப நோக்கற்ற மருத்துவத் துறையில் அதற்கு முன் அந்த நாடு அவ்வளவு பெரிய திவாலைக் கண்டதில்லை.

இந்தக் குழுமத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் தலைமை நிர்வாகி ஷெரிஃப் அப்தெல்ஹக்கையும், அறக்கொடை நிதியில் கைவைத்த விவகாரத்தையும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது நடந்தது உண்மை, தண்டனையும் ஆயிற்று. ஆனால் அது கடைசிக் கட்டம். மூலதனத்தை அரித்தவை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எடுத்த இரண்டு முடிவுகள். குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகளை விலைக்கு வாங்கியது ஒன்று. காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து உறுப்பினர்களின் மருத்துவச் செலவுப் பொறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டது மற்றொன்று. இரண்டும் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகள் பலவும் எடுத்த முடிவுகள்தான். அதனால்தான் இந்தக் கணக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. யோசனை ஊருக்கெல்லாம் ஒன்றாக இருக்க, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு ஆழமாக வெட்டியது?

பணம் எந்த வழியில் வருகிறது

1983 அக்டோபருக்கு முன், 65 வயது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மருத்துவமனைக்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது. அதன் பிறகு நோய்வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை நிர்ணயித்துவிட்டார்கள். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஓர் அறுவை சிகிச்சைக்குத் தொகுப்பாக ஒரே தொகை இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். நோயாளியை ஐந்தாம் நாள் அனுப்பினாலும் எட்டாம் நாள் அனுப்பினாலும் வருவது அதே பணம். படுக்கைகள் காலியாகத் தொடங்கியது அப்போதுதான்.

இன்னொரு பக்கம், 1973ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டத்தின் துணையோடு ஹெச்எம்ஓ எனப்படும் காப்பீட்டு அமைப்புகள் பரவின. உறுப்பினர் முதலில் தன் குடும்ப டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால்தான் ஸ்பெஷலிஸ்ட், ஸ்கேன், அட்மிஷன் எல்லாம். குடும்ப டாக்டர் வாசற்காவலர் ஆனார். இந்த ஏற்பாட்டுக்குத்தான் மேனேஜ்டு கேர் என்று பெயர்.

ஹெச்எம்ஓ மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும் முறைகள் ஏணிப்படி போன்றவை. முதல் படியில் பில்லில் தள்ளுபடி. அடுத்தது நாள் கட்டணம், அதாவது ஒரு படுக்கை நாளுக்கு இவ்வளவு. மூன்றாவது, ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு. மேல்படியில் கேப்பிட்டேஷன். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் மருத்துவக் கல்லூரி சீட்டுக்கு வாங்கும் பணம் நினைவுக்கு வரும். இங்கே பொருள் வேறு. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோமே, அதுபோல உறுப்பினர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குக் கொடுத்துவிடும். உறுப்பினர் நலமாக இருந்தால் பணம் மிச்சம். பெரிய நோய் வந்தால் மருத்துவமனையின் கையைக் கடிக்கும். படி ஏற ஏற, நோய் வருமா வராதா என்ற அபாயம் காப்பீட்டுக்காரரின் தோளிலிருந்து மருத்துவமனையின் தோளுக்கு இறங்குகிறது.

நாள் கட்டணத்திலேயே ஒரு கண்ணி உண்டு. அறுவை சிகிச்சை, ஐசியூ, பரிசோதனைகள் எல்லாம் முதல் இரண்டு நாளில் முடிந்துவிடும். செலவு அங்கேதான். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் சாப்பாடு, மாத்திரை, நர்ஸின் சுற்று, அவ்வளவுதான். எல்லா நாளுக்கும் ஒரே கட்டணம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் நர்ஸ் போனில் கூப்பிட்டு மூன்றாம் நாளே டிஸ்சார்ஜ் செய்யச் சொன்னால், மிச்சம் தந்த நாட்கள் போய்விடும், கையைக் கடித்த நாட்கள் மட்டும் நிற்கும். முதல் இரண்டு நாளுக்கு அதிகக் கட்டணம், பிறகு குறைவு என்று படிநிலையாகப் பேசிக்கொள்ளாத மருத்துவமனைகள் இதில் ஓசையின்றி நட்டமடைந்தன.

பிட்ஸ்பர்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு

அலகெனி ஜெனரல் மருத்துவமனை பிட்ஸ்பர்க் நகரின் வடபகுதியில் இருப்பது. இருதய அறுவை சிகிச்சைக்கும் விபத்துச் சிகிச்சைக்கும் பெயர் பெற்றது, கையில் காசும் இருந்தது. அதற்கென ஒரு மருத்துவக் கல்லூரி மட்டும் இல்லை. அப்தெல்ஹக் 1986இல் தாய் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். 1988இல், மாநிலத்தின் மறுகோடியில் இருந்த பிலடெல்பியாவில் மெடிக்கல் காலேஜ் ஆஃப் பென்சில்வேனியாவைக் குழுமம் சேர்த்துக்கொண்டது. 1850இல் பெண்களுக்கென்றே தொடங்கிய கல்லூரி அது. இந்தியாவிலிருந்து போய் 1886இல் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷி படித்தது அங்கேதான். அப்படிப்பட்ட ஒரு கல்லூரியின் தலையெழுத்து ஒரு கடன் கணக்கோடு கட்டுண்டது வருத்தத்துக்குரியது.

பிறகு வேகம் கூடியது. 1991இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் குழந்தைகள் மருத்துவமனையை உள்ளடக்கிய யுனைடெட் ஹாஸ்பிட்டல்ஸ். 1993இல் ஹானிமன் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும். 1996, 1997இல் கிராஜுவேட் ஹெல்த் சிஸ்டம். அதே சமயத்தில் மேற்குப் பகுதியில் ஃபோர்ப்ஸ், அலகெனி வேலி, கேனன்ஸ்பர்க் மருத்துவமனைகள். சேர்ந்தவற்றில் பல ஏற்கெனவே கடனில் இருந்தவை. அவற்றின் கடனும் கூடவே வந்தது.

பிலடெல்பியா எப்படிப்பட்ட சந்தை என்பதை இங்கே பார்க்க வேண்டும். ஒரே நகரில் பென், ஜெஃபர்சன், டெம்பிள், ஆஸ்டியோபதிக் என்று நான்கு மருத்துவக் கல்லூரிகள், இவற்றோடு அலகெனியின் இரண்டு கல்லூரிகள். ஸ்பெஷலிஸ்டுகளும் படுக்கைகளும் தேவைக்கு மேல் இருந்தன. வாங்கும் பக்கத்திலோ பெரிய கைகள் இரண்டே: யு.எஸ். ஹெல்த்கேர், இண்டிபெண்டன்ஸ் ப்ளூ கிராஸ் என்ற காப்பீட்டு நிறுவனங்கள். முதலாவதை 1996இல் ஏட்னா நிறுவனம் வாங்கிப் பெரிதாக்கியது. விற்பவர் பலர், வாங்குபவர் இருவர் என்றால் விலையைச் சொல்வது யார் என்று விளக்க வேண்டியதில்லை. நாம் பெரிதானால் அவர்களோடு சரிக்குச் சரி பேசலாம் என்பது குழுமத்தின் எண்ணம். ஆனால் படுக்கை எண்ணிக்கை பெரிதானதால் பேரம் பேசும் பலம் வரவில்லை. ஒரு மருத்துவமனை இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் தன் திட்டத்தை விற்கவே முடியாது என்ற நிலை இருந்தால்தான் அந்தப் பலம் வரும். நகரத்தில் மாற்று மருத்துவமனை நாலைந்து இருக்கும்வரை அது வராது.

கிளினிக்கை வாங்கினால் டாக்டரும் வருவாரா

வாசற்காவலர் குடும்ப டாக்டர் என்றால், அவரை நம் பக்கம் வைத்துக்கொண்டால் நோயாளிகள் நம்மிடம் வருவார்கள். இந்த ஒரு வரியை நம்பித்தான் அமெரிக்க மருத்துவமனைகள் 1990களில் கிளினிக்குகளை வாங்கிக் குவித்தன. அலகெனி குழுமம் இதற்கென்றே அலகெனி இண்டகிரேட்டட் ஹெல்த் குரூப் என்ற பிரிவை வைத்து நூற்றுக்கணக்கான டாக்டர்களைச் சேர்த்தது. பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பும் அதே டாக்டர்களுக்கு வலை வீசியதால் விலை ஏறிக்கொண்டே போனது.

ஒரு கிளினிக் கை மாறும்போது கணக்கில் என்னென்ன நகர்கிறது? டாக்டருக்கு முன்பணமாக ஒரு தொகை: நாற்காலி, மேசை, கருவிகள், நோயாளிக் கோப்புகள், கூடவே நற்பெயருக்கென்று ஒரு விலை. அதன்பின் சில ஆண்டுகளுக்கு உறுதியான சம்பளம். கிளினிக்கில் இருந்த ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே ஆகியவற்றை மருத்துவமனைக்கு மாற்றிவிடுவார்கள், அந்த வருமானமும் கிளினிக்கின் கணக்கிலிருந்து போய்விடும். வரவேற்பு மேசையில் உட்கார்ந்து காப்பீட்டு அட்டையை நகலெடுத்து, இருபது வருடப் பழக்கத்தில் பில் பாக்கியைக் கேட்டு வாங்கிய பெண்மணிக்குப் பதிலாக, தொலைவில் ஒரு மையப் பில்லிங் அலுவலகம். அட்டை எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் அந்த பில் திரும்பி வரும். திரும்பி வந்ததைக் கவனிக்க ஆள் இருக்காது. காலக்கெடு தாண்டினால் அது வராக்கடன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டரின் நாள் மாறிவிடுகிறது. சொந்தக் கிளினிக் என்றால் மாலை ஆறரைக்கு வந்து நிற்கும் தாயையும் குழந்தையையும் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். சம்பளம் உறுதியானபின் ஐந்து மணிக்குக் கடைசி டோக்கன். இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமில்லை. ஓய்வில்லாமல் உழைத்தவருக்குக் கிடைத்த மூச்சுவிடும் நேரம் அது. பிழை, சம்பளத்தை உழைப்போடு இணைக்காமல் ஒப்பந்தம் எழுதியவர்களுடையது. பிற்காலத்தில் பெரும்பாலான குழுமங்கள் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, பார்த்த வேலையின் அளவை மெடிகேரின் உழைப்பு அலகில் எண்ணி, அதற்கேற்ற தொகையும் தரத்துக்கென ஒரு பங்கும் சேர்த்து எழுதின. அலகெனியின் காலத்தில் உறுதிச் சம்பளமே வழக்கம்.

அவ்வளவு செலவழித்தும் நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்தார்களா என்றால், எதிர்பார்த்த அளவு வரவில்லை. புறநகரில் இருக்கும் குடும்ப டாக்டர் பல வருடமாகப் பக்கத்து ஊர் மருத்துவமனையின் இருதய நிபுணருக்குத்தான் எழுதிக் கொடுப்பார். இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொள்பவர்கள். கிளினிக்கின் பெயர்ப்பலகை மாறியதால் அந்தக் கைப்பழக்கம் மாறுவதில்லை. நோயாளியும் நகர மையத்துக்கு வண்டி ஓட்டிப்போய், நிறுத்த இடம் தேட விரும்புவதில்லை. இந்த டாக்டர் நமக்கு அனுப்புவார் என்று சொல்லி அதற்கு விலை கொடுப்பதோ கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மெடிகேர் நோயாளிகளை அனுப்புவதற்குக் கைமாறு கூடாது என்ற சட்டமும், டாக்டர் தனக்குப் பண உறவுள்ள இடத்துக்கு நோயாளியை அனுப்புவதைத் தடுக்கும், 1989இல் தொடங்கி 1993இல் விரிவான ஸ்டார்க் சட்டமும் இருக்கின்றன. ஆக, வாங்கியதற்கான உண்மைக் காரணத்தை விலையில் காட்ட முடியாது, காட்ட முடிந்த காரணங்களுக்கு அந்த விலை தகாது.

இன்னொரு இழப்பு எந்த அறிக்கையிலும் வராது. ஒரு தெருவில் ஒரு டாக்டரின் கிளினிக்கை வாங்கினால், எதிர்வரிசையில் சுயமாக இருக்கும் டாக்டர் அதைத் தனக்கு எதிரான வேலையாகத்தான் பார்ப்பார். அதுவரை நமக்கு அனுப்பிக்கொண்டிருந்த நோயாளிகளை மறுநாளிலிருந்து போட்டி மருத்துவமனைக்கு அனுப்புவார்.

10,000 தலைக்கட்டு, ஒரு கணக்கு

காப்பீட்டு நிறுவனங்களோடு அலகெனி போட்ட முழுப்பொறுப்பு ஒப்பந்தங்கள் ஏன் நட்டத்தில் முடிந்தன என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, நடைமுறை அப்படியே.

10,000 உறுப்பினர்கள். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 300 படுக்கை நாட்கள் ஆகின்றன. ஆக 3,000 நாட்கள். நாளுக்கு 1,000 டாலர் செலவென்றால் 30 லட்சம் டாலர். உறுப்பினருக்கு மாதம் 25 டாலர் தேவை. காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைப் பங்காக 22 டாலர் தருகிறது. ஆண்டுக்கு 26 லட்சத்து 40 ஆயிரம். அப்படியே விட்டால் 3 லட்சத்து 60 ஆயிரம் டாலர் நட்டம். ஆயிரம் பேருக்கான படுக்கை நாட்களை 220க்குக் குறைத்தால் செலவு 22 லட்சம், மிச்சம் 4 லட்சத்து 40 ஆயிரம். கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தக் கணக்கு இரண்டு இடத்தில் உடைகிறது. 3,000 நாட்களில் 1,200 நாட்கள் வேறு மருத்துவமனைகளில் கழிந்தால், அந்த 12 லட்சம் டாலரை ரொக்கமாக வெளியே கொடுக்க வேண்டும். சொந்த மருத்துவமனையிலோ படுக்கை நாள் குறைந்தாலும் செலவு அந்த அளவுக்குக் குறையாது. கட்டடமும் நர்ஸ் சம்பளமும் கடன் வட்டியும் அப்படியே நிற்கும். ஆயிரம் பேருக்கு 80 நாள் குறைத்ததில் மிச்சமானது தாளில்தான் முழுத்தொகை. வார்டையே மூடி ஆட்களைக் குறைத்தால்தான் அது கைக்கு வரும். வார்டை மூடினால், மற்ற காப்பீடுகளிலிருந்து நாள் கட்டணத்தில் வரும் நோயாளிகளுக்கு இடமிருக்காது. தலைக்கட்டுக்குப் படுக்கை காலியாக வேண்டும், நாள் கட்டணத்துக்குப் படுக்கை நிரம்ப வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பதினான்கு மருத்துவமனைகளையும் அவற்றின் கடன் பத்திரங்களையும் வைத்துக்கொண்டு ஒரு குழுமம் படுக்கையை நிரப்பாமல் வட்டி கட்ட முடியாது.

வைத்தியசாலையே காப்பீட்டாளராக இருந்து வெற்றி பெற்ற இடம் இல்லையா என்றால், கலிபோர்னியாவின் கைசர் பெர்மனன்டே இருக்கிறது. 1945இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அங்கே மருத்துவமனைகள் உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டப்பட்டவை. வருமானம் ஏறக்குறைய முழுவதும் ஒரே முறையில் வருவதால் கால் இரண்டு பக்கம் இழுக்காது. டாக்டர்கள் தங்களுக்கென்று தனி நிறுவனம் வைத்து, திட்டத்தோடு சரிசமமாக ஒப்பந்தம் போடுகிறார்கள். அந்த உறவைச் சீராக்க 1955இல் டாஹோ ஏரிக்கரையில் இரு தரப்பும் உட்கார்ந்து சண்டையிட்டுப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் பிடித்த வேலையை அலகெனி கொள்முதல் ஒப்பந்தங்களால் நான்கைந்து வருடத்தில் முடிக்கப் பார்த்தது.

ஒப்பந்தத்தின் வாசகத்திலும் கண் வேண்டும். தலைக்கட்டுப் பணத்தை டாலரில் எழுதாமல் பிரீமியத்தில் இத்தனை சதவீதம் என்று எழுதினால், காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு பிரீமியத்தைக் குறைக்கும்போது மருத்துவமனையின் வருமானமும் கூடவே இறங்கும். விலைப்போர் நடத்துவது அவர்கள், அதற்குச் செலவழிப்பது நாம். எனவே தலைக்கு இவ்வளவுக்குக் கீழே போகாது என்று ஓர் அடித்தளம் எழுத வேண்டும். வயது, ஆண், பெண் கலவை மாறினால் தொகை மாற வேண்டும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை, குறைமாதக் குழந்தைகளின் நீண்ட ஐசியூ, வெளியூர் அவசரச் சிகிச்சை ஆகியவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும், அல்லது ஒரு நோயாளியின் செலவு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் மிச்சத்தைக் கொடுக்கும் ஸ்டாப் லாஸ் காப்பீடு எடுக்க வேண்டும். ஒவ்வொரு சேவைக்கும் பொறுப்பு யார் என்று வரிவரியாக அட்டவணை வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் ஆக்சிஜன் சிலிண்டர் யார் கணக்கு, கீமோதெரபி மருந்து யார் கணக்கு என்பதுவரை. அந்த அட்டவணையில் ஒரு வரி காலியாக இருந்தால், அது கடைசியில் மருத்துவமனையின் தலையில்தான் விழும்.

இன்னும் வராத பில்

தலைக்கட்டு முறையில் அனுபவமில்லாதவரை ஏமாற்றுவது காலம். மாதம் பிறந்ததும் பணம் வந்துவிடும். அந்த மாதம் வெளி மருத்துவமனையில் நடந்த அறுவை சிகிச்சைக்கு பில் வர இரண்டு, மூன்று மாதம் ஆகும். முதல் காலாண்டில் பார்த்தால் லாபம் கொழிக்கும். உறுப்பினர் எண்ணிக்கை வளர்ந்துகொண்டிருந்தால் புதிய பணம் பழைய பில்லைக் கட்டிக்கொண்டே போகும். வளர்ச்சி நின்ற மாதத்தில்தான் பள்ளம் தெரியும். புது ஆள் சேர்ந்தால் மட்டும் ஓடுகிற சீட்டுக் கம்பெனிக்கு நேர்வது எதுவோ அதுவே இங்கும்.

இதற்கு ஒரு சதுரக் கணக்கு போடுவார்கள். இடப்பக்கம் சிகிச்சை நடந்த மாதம், மேலே பணம் கட்டிய மாதம். பழைய மாதங்களைப் பார்த்தால், சிகிச்சை நடந்த மாதத்தையும் சேர்த்து மூன்றாம் மாத முடிவில் மொத்த பில்லில் எத்தனை பங்கு வந்துசேர்கிறது என்று தெரியும். 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஜனவரிச் சிகிச்சைக்கு மார்ச் முடியும்போது 6 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கட்டியிருந்தால் மொத்தச் செலவு 10 லட்சமாக இருக்கும். இன்னும் 3 லட்சத்து 50 ஆயிரத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். தொடக்கூடாத பணம் அது.

இந்தக் கணக்கையும் கெடுக்க ஒரு வழி உண்டு. பில் பதியும் பிரிவில் வேலை தேங்கினால் கட்டிய தொகை குறையும், கட்டிய தொகை குறைந்தால் சதுரக் கணக்கு செலவு குறைந்துவிட்டதாகச் சொல்லும். நிர்வாகம் மகிழும். அதனால் பில்லை மட்டும் நம்பாமல், அட்மிஷனுக்கு அனுமதி கொடுத்த பதிவேட்டைத் தினமும் எண்ண வேண்டும். இன்று எத்தனை உறுப்பினர் எந்த மருத்துவமனையில் படுத்திருக்கிறார்கள், எத்தனையாவது நாள் என்ற ஒரு பக்கப் பட்டியல் காலை எட்டு மணிக்கு மேசையில் இருந்தால், பில் வருவதற்குப் பல வாரம் முன்பே செலவு தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்திலும் இதே தாமதம் மருத்துவமனையை வாட்டியது. காப்பீட்டு நிறுவனங்கள் பில்லை நிறுத்திவைத்தன, நாட்களை மறுத்தன. பென்சில்வேனியாவில் குறையில்லாத பில்லை 45 நாளுக்குள் கட்ட வேண்டும் என்று விதித்த 1998ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம் 1999 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அலகெனி முடிந்துவிட்டது.

கடைசி இரண்டு ஆண்டுகள்

வராக்கடன் பெருகியது. 1996 நிதியாண்டில் பிலடெல்பியா மருத்துவமனைகளின் வராக்கடனுக்குச் சுமார் 4 கோடி டாலர் குறைவாக ஒதுக்கி, வருமானத்தைக் கூட்டிக் காட்டியதாகப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னாளில் குற்றம் சாட்டியது. 1997இல், புதிதாகச் சேர்ந்த கிராஜுவேட் மருத்துவமனைகளின் கணக்கில் சுமார் 10 கோடி டாலர் ஒதுக்கீட்டை உருவாக்கி அதைப் பழைய ஓட்டைகளை அடைக்க மாற்றினார்கள். ஒரு மருத்துவமனைக் குழுமம் ஏன் அடுத்தடுத்து வாங்கிக்கொண்டே போனது என்ற கேள்விக்கு இந்த வரியில் பாதிப் பதில் இருக்கிறது.

பிட்ஸ்பர்க்கின் ரொக்கம் பிலடெல்பியாவுக்குப் போனது. குழுமத்தின் மருத்துவமனைகள், ஒன்றின் கடனுக்கு மற்றொன்று பொறுப்பேற்கும் தனித்தனிக் கடன் குழுக்களாகப் பிரிந்திருந்தன, பல வாரியங்கள் இருந்தன. ஒரு வாரியத்தில் இருந்தவருக்கு அடுத்த வாரியத்தின் ரொக்க நிலை தெரியவில்லை. கடன் பத்திரங்களில் கணிசமான பகுதிக்கு எம்பிஐஏ என்ற உத்தரவாத நிறுவனம் பொறுப்பேற்றிருந்ததால், பத்திரம் வாங்கியவர்களுக்கும் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டிய அவசரம் இல்லை. 1997 ஆகஸ்டில் பட்ஜெட் சமன் சட்டம் மெடிகேர் தொகைகளை வெட்டியது. கற்பிக்கும் மருத்துவமனைகளுக்கு அந்த வெட்டு ஆழமாகப் பட்டது.

1998 வசந்தத்தில், மெல்லன் வங்கி தலைமையிலான வங்கிகளுக்கு 8.9 கோடி டாலர் கடனைத் தவணைக்கு முன்பே திருப்பிக் கொடுத்தார்கள். ரொக்கம் வற்றியது. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் என்று நன்கொடையாளர்கள் குறிப்பிட்டுக் கொடுத்த 5 கோடி டாலருக்கு மேற்பட்ட நிதி அன்றாடச் செலவுக்குப் போனது இந்தக் கட்டத்தில்தான். நோய் தீர ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று யாரோ நம்பிக் கொடுத்த காசு அது. ஜூனில் அப்தெல்ஹக்கை நீக்கினார்கள். 2002இல் ஒரு குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் ஏற்று, பதினொன்றரை மாதம் முதல் 23 மாதம் வரை சிறைத் தண்டனை பெற்றார்.

வாங்காமல் சேர்ந்திருக்க

டாக்டர்களோடு மருத்துவமனை சேர்ந்து வேலை செய்யக் கிளினிக்கை வாங்குவது ஒன்றே வழியல்ல. மருத்துவமனையும் சுயமாகத் தொழில் செய்யும் டாக்டர்களும் சேர்ந்து ஒரு கூட்டு அமைப்பு வைத்துக் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசலாம். போட்டியாளர்கள் கூடி விலை பேசுவது குற்றம் என்பதால், 1996இல் அமெரிக்க நீதி அமைச்சகமும் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் எல்லை வகுத்துச் சொன்னார்கள்: டாக்டர்கள் பண அபாயத்தை உண்மையாகவே பகிர்ந்துகொள்ள வேண்டும், அல்லது சிகிச்சை முறைகளை ஒன்றாக வகுத்து, ஒருவரையொருவர் கண்காணித்துத் திருத்துமளவுக்கு இணைந்திருக்க வேண்டும். பெயருக்குக் கூட்டு, பேரம் மட்டும் பொது என்றால் வழக்கு வரும்.

நடைமுறையில் நின்று பிடித்த ஏற்பாடு ஏறத்தாழ இப்படி. டாக்டருக்குத் தரவேண்டிய தொகையில் 10 முதல் 20 சதவீதத்தை நிறுத்திவைக்கிறார்கள். மருத்துவமனைச் செலவுக்கென்று தனிக் குளம், அதாவது ஒரு பொது நிதி. ஆண்டு முடிவில் மிச்சம் இருந்தால் மருத்துவமனைக்குப் பாதி, டாக்டர்களுக்குப் பாதி. ஒரு டாக்டருக்குத் தனியாகக் கணக்குப் பார்க்கக் கூடாது, ஒரே ஒரு கல்லீரல் மாற்று நோயாளி வந்தால் நல்ல டாக்டரும் மோசமாகத் தெரிவார். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவாகப் பார்த்தால் தற்செயல் ஓரளவு சமனாகும், ஒருவர் வேலையை மற்றவர் கவனிக்கவும் முடியும். ஒவ்வொரு காலாண்டும் அவரவர் அனுப்பிய ஸ்பெஷலிஸ்ட் எண்ணிக்கை, வெளி மருத்துவமனை நாட்கள், மருந்துச் செலவு ஆகியவற்றைப் பெயரோடு காட்ட வேண்டும். முதல் தடவை எல்லா டாக்டரும் என் நோயாளிகள் அதிகம் நோயுற்றவர்கள் என்பார்கள். சில நேரம் அது உண்மை. வயதும் நோயும் சரிக்கட்டிய எண்ணைக் கொண்டுபோனால்தான் பேச்சு அடுத்த வரிக்குப் போகும்.

நிறுத்திவைத்த பணத்தின் கணக்கை ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒன்றரை வருடம் கழித்து, விளக்கமில்லாமல், குளத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஒரு கடிதம் மட்டும் வந்தால், அதன்பின் அந்த 20 சதவீதத்தைத் தள்ளுபடியாகவே எண்ணிக்கொண்டு டாக்டர் பழையபடி எழுதிக் கொடுப்பார். பணத்தைவிட வேகமாகக் கரைவது அந்த நம்பிக்கைதான்.

பிறகு

1998 நவம்பரில் டெனட் என்ற லாபநோக்கு நிறுவனம் பிலடெல்பியா பகுதியின் எட்டு மருத்துவமனைகளை 34.5 கோடி டாலருக்கு வாங்கியது. மருத்துவக் கல்லூரியை ட்ரெக்சல் பல்கலைக்கழகம் நடத்த ஒப்புக்கொண்டு, 2002இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. மேற்கில் அலகெனி ஜெனரல், வெஸ்ட் பென் மருத்துவமனையோடு சேர்ந்தது. 2013இல் அந்த அமைப்பை ஹைமார்க் என்ற காப்பீட்டு நிறுவனமே வாங்கிவிட்டது.

ஹானிமன் மருத்துவமனையையும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸையும் டெனட் 2018இல் ஒரு தனியார் முதலீட்டாளரின் நிறுவனத்துக்கு விற்றது. அடுத்த ஆண்டே ஹானிமன் திவாலாகி, 2019 செப்டம்பரில் மூடப்பட்டது. அங்கே பயிற்சியில் இருந்த 500க்கும் மேற்பட்ட டாக்டர்கள் சில வாரங்களுக்குள் வேறு மருத்துவமனைகளில் இடம் தேட வேண்டியிருந்தது. விசாவில் வந்திருந்தவர்களுக்கு அது நாட்டில் தங்குவதா திரும்புவதா என்ற கேள்வி. ஹானிமனில் அவர்கள் பார்த்த நோயாளிகள் யாராவது பின்னாளில் வழக்குப் போட்டால் காக்கும் நீட்டிப்புக் காப்பீட்டுக்கு மருத்துவமனை பணம் கட்டவில்லை என்பது, புதிய இடங்களில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவர்களில் பலருக்குத் தெரியவந்தது.